குங்குமச் சிவப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக வர: சுங்கை சிப்புட் அச்சுக்கடை ஒன்றின் நிறச் சீரமைப்புக் குறிப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்துச் சிறிய அச்சுக்கடை ஒன்றில் நான்கு நாளில் முடிந்த வேலை இது. கடைக்கு வருபவை தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாப் பத்திரிகை, கல்யாண அட்டை, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், தைப்பூசத்துக்குப் பேனர். இருந்த கருவிகள்: 24 அங்குல ஐபிஎஸ் திரை (கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத வகை) ஒன்று, பழைய டிஎன் திரை (கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும் வகை) ஒன்று, ஆறு மை டேங்க் உள்ள ஏ3 இங்க்ஜெட், ஒரு கலர் லேசர். பேனரும், பெரிய எண்ணிக்கையில் தகடு வைத்து அடிக்கும் ஆப்செட்டும் ஈப்போவுக்குப் போகும்.

குறை எல்லாக் கடையிலும் கேட்பதுதான். திரையில் குங்குமமாகத் தெரிந்த சிவப்பு இங்க்ஜெட்டில் செங்கல்லாக வந்தது, லேசரில் ஆரஞ்சு பக்கம் சாய்ந்தது. வாடிக்கையாளர் கைப்பேசியில் அதே கோப்பு ரோஜாச் சிவப்பாக மின்னியது.

முதலில் ஒரு சோதனைத் தாளை வடிவமைத்தோம். மஞ்சள்தூள் மஞ்சள், குங்குமச் சிவப்பு, மயில்கழுத்துப் பச்சை, தேசியக் கொடியின் நீலம், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 11 படிச் சாம்பல், மாநிறத்தில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக இரண்டு முகப்படங்கள், 7 புள்ளி அளவில் நான்கு வரித் தமிழ் எழுத்து. கடைசி வரை இந்த ஒரே கோப்புதான். ஒவ்வொரு சோதனைக்கும் வேறு வேறு படம் அடித்தால் எது மாறியது என்று சொல்லவே முடியாது.

கோப்பில் உள்ள எண் நிறம் ஆகாது என்பதை இந்த வேலைக்கு உட்காருபவர் முதலில் மனத்தில் வாங்க வேண்டும். சிவப்பு 200, பச்சை 20, நீலம் 40 என்பது கருவிக்குக் கொடுக்கும் கட்டளை. 'இரண்டு கரண்டி மிளகாய்த்தூள்' என்று குறிப்பு எழுதிக் கொடுத்தால், கரண்டியின் அளவும் தூளின் காரமும் வீட்டுக்கு வீடு மாறும், குழம்பும் மாறும். கருவியின் 'கரண்டி' எவ்வளவு பெரியது என்று அளந்து எழுதி வைத்த கோப்புதான் ஐசிசி புரொபைல். 1993இல் தொடங்கிய பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு வகுத்த வடிவம் அது. ஒரு கருவியின் எண்ணை, மனிதக் கண்ணின் பார்வையை வைத்து 1931இல் சிஐஇ என்ற பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் வகுத்த அளவுக்கு மாற்றி, அங்கிருந்து அடுத்த கருவியின் எண்ணுக்கு மாற்றுகிறது. அளக்காத கருவிக்கு இந்த வழி கிடையாது. கண்ணால் பார்த்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதல் நாள்: விளக்கு

பெரும்பாலான கடைகள் இதைத் தாண்டிவிட்டு நேராகப் பிரிண்டருக்குப் போகின்றன. இங்கே கவுண்டருக்கு மேல் மஞ்சள் எல்இடி பல்பு, கணினி மேசைக்கு மேல் நீலம் தட்டிய வெள்ளைக் குழல் விளக்கு. ஒரே தாளைக் கவுண்டரில் பார்த்தால் ஒரு நிறம், மேசையில் பார்த்தால் இன்னொரு நிறம். இப்படி இருக்கும்வரை எந்த அளவுக்கும் பொருள் இல்லை.

மேசைக்கு மேல் 5000 கெல்வின், நிறம் காட்டும் குறியீடு (சிஆர்ஐ) 90க்கு மேல் உள்ள எல்இடி குழல்கள் இரண்டைப் போட்டோம். வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண்ணையும் பார்க்க வேண்டும். 'டேலைட்' என்று மட்டும் போட்டிருப்பது பெரும்பாலும் 6500 கெல்வின், குறியீடு 80. அதில் சிவப்பு செத்துப்போய்த் தெரியும், குங்குமத்தைச் சோதிக்க உதவாது. மேசைக்குப் பின்சுவர் பளீர் பச்சை. அந்தப் பச்சை தாளிலும் பிரதிபலித்துக் கண்ணையும் ஏமாற்றும். சுவரின் அந்தப் பகுதியை வெளிர் சாம்பல் பெயின்ட்டால் மூடினோம். திரை வாசலைப் பார்த்து இருந்ததால் மாலை நாலு மணி வெயில் நேராக அடித்தது. பக்கவாட்டில் திருப்பி வைத்ததோடு அது தீர்ந்தது.

தாள் வைக்கும் இடத்தில் லக்ஸ் மீட்டர் 370 காட்டியது. ஐஎஸ்ஓ 3664 தரம் சாதாரணப் பார்வைக்கு 500 லக்ஸும், நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸும் சொல்கிறது. அதற்குக் குறைவுதான், ஆனாலும் இந்தக் கடை வேலைக்கு 370 போதும். அந்த எண் ஏன் வேண்டும் என்றால், திரையின் வெளிச்சத்தை அதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: திரை

'பிரிண்ட் இருட்டாக வருகிறது' என்ற புகாரில் பாதிக்கு மேல் பிரிண்டரின் குற்றமே இல்லை. திரை அளவுக்கு மீறி வெளிச்சமாக இருக்கிறது. இந்த ஐபிஎஸ் திரை கடையிலிருந்து வந்தபடியே சதுர மீட்டருக்கு 260 கேண்டெலா ஒளிர்ந்தது. தாள் தானாக ஒளிராது, விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். கணக்கு எளிது: லக்ஸைத் தாளின் எதிரொளிப்பால் பெருக்கி 3.14ஆல் வகுக்க வேண்டும். வெள்ளைத் தாள் ஏறக்குறைய 90% திருப்பித் தரும். 370 × 0.9 ÷ 3.14 = 106. அந்த மேசையில் வெள்ளைத் தாள் 106 கேண்டெலாவுக்கு மேல் தெரிய வழியே இல்லை. பக்கத்தில் திரை 260இல் எரிந்தால் எந்த அச்சும் இருட்டாகத்தான் படும். ஆகவே திரையின் இலக்கு 105.

அளக்கக் கலரிமீட்டர் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் டிஸ்ப்ளேகால் மென்பொருளும் போதும். தொடுவதற்கு முன் திரையை அரை மணி நேரம் எரியவிட்டோம். பின்விளக்கு நிலைபெற அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு திரையின் மெனுவில் பழைய நிலைக்குத் திருப்பி, டைனமிக் காண்ட்ராஸ்ட், மின்சிக்கனம், நீல ஒளி வடிகட்டி எல்லாவற்றையும் அணைத்தோம். விண்டோஸில் இரவு ஒளி என்று ஒரு வசதி, நேரம் குறித்து வைத்திருந்தால் மாலையில் தானாக வந்துவிடும். அதையும் அணைக்க வேண்டும். பகலில் சரியாக இருந்த திரை ஏழு மணிக்கு மஞ்சளாவது அதனால்தான்.

இலக்காக வைத்தது 6500 கெல்வின், காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட படிகள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதன் அளவு) 2.2, வெளிச்சம் 105. மென்பொருள் திருத்தத் தொடங்குவதற்கு முன்பே, மெனுவில் உள்ள சிவப்பு, பச்சை, நீலப் பிடிகளைத் திருகி வெள்ளையை முடிந்தவரை இலக்குக்குக் கொண்டுவர வேண்டும். நீலம் 100இலிருந்து 91க்கு இறங்கியது. இதைச் செய்யாமல் மென்பொருளிடமே விட்டால், வீடியோ கார்டில் உள்ள 256 படிகளில் சிலவற்றை அது தின்றுவிடும். சாம்பல் சாய்வில் பட்டை பட்டையாகக் கோடு தெரிவது அதனால்.

கலரிமீட்டருக்குத் திரையின் வகையையும் சொல்ல வேண்டும். வெள்ளை எல்இடி, அகல நிறப்பரப்பு எல்இடி, பழைய குழல் விளக்கு என்று பட்டியல் இருக்கும். தவறாகத் தேர்ந்தால் கருவி முழு நம்பிக்கையோடு தவறான வெள்ளையைத் தரும், திரை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயும். திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் கருவி தட்டையாகப் படியும், இடுக்கில் வெளிச்சம் நுழையாது.

முடிந்ததும் சரிபார்ப்பு ஓட்டினோம். நிற வேறுபாட்டுக்கு டெல்டா ஈ என்று ஓர் அளவு உண்டு. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கூர்ந்த கண்ணுக்கு வேறுபாடு தெரியத் தொடங்கும் இடம் ஏறக்குறைய 1. சராசரி 0.8, அதிகபட்சம் 2.9 வந்தது. இந்த வேலைக்கு அது நல்ல அளவு.

பிறகு விளக்குக்குக் கீழே வெறும் தாளை வைத்து, திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டோம். 6500 கெல்வின் திரை 5000 கெல்வின் விளக்கின் தாளுக்குப் பக்கத்தில் நீலமாகவே தெரிந்தது. 5800க்கு இறக்கி மறுபடி ஓட்டியதும் இரண்டும் இணைந்தன. இணையத்துக்கு மட்டும் வேலை செய்பவர் 6500ஐத் தொட வேண்டாம். தாளோடு ஒப்பிடுபவர் தாளைத்தான் நம்ப வேண்டும்.

பழைய டிஎன் திரையையும் ஓட்டிப் பார்த்தோம். எழுந்து நின்றால் ஒரு நிறம், உட்கார்ந்தால் ஒரு நிறம். அதற்குப் புரொபைல் போட்டுப் பயனில்லை. கருவிப்பட்டைகளும் மின்னஞ்சலும் அந்தத் திரைக்குப் போயின. படம் ஐபிஎஸ் திரையில் மட்டும். இரண்டு திரை இருக்கும்போது புரொபைல் மாறிப் போய் ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. விண்டோஸ் கலர் மேனேஜ்மென்ட் பலகத்தில் ஒவ்வொரு திரைக்கும் எது முதன்மை என்று திறந்து பார்ப்பது நல்லது.

கைப்பேசி பற்றிச் சுருக்கமாக. ஓஎல்இடி திரை உள்ள கைப்பேசிகளில் நிற அமைப்பு பெரும்பாலும் பளிச்சென்ற நிலையில் இருக்கும். 'நேச்சுரல்' நிலைக்கு மாற்றினால், பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிறப்பரப்பான எஸ்ஆர்ஜிபிக்குப் பக்கத்தில் வரும். கடையின் கைப்பேசியை மாற்றலாம், வாடிக்கையாளருடையதை மாற்ற முடியாது. அதனால் கைப்பேசியில் பார்த்து ஒப்புதல் வாங்குவதை நிறுத்தி, அச்சிட்ட ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது என்று முடிவானது. தாப்பா, கம்பார் என்று வெளியூர்களிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புபவர்களிடம், படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். படமாக வந்தால் சுருங்கி வரும்.

கோப்பு

எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபிதான் கடையின் பொதுமொழி. போட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) வேலைத்தளமாக அதையே வைத்து, 'உள்ளே பதிந்த புரொபைலைக் காப்பாற்று', 'பொருந்தாவிட்டால் கேள்' என்ற இரண்டையும் தட்டிவிட்டோம். புதுக் கைப்பேசிகள் பலவும் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான பரப்பில் படம் எடுக்கின்றன. அந்தப் படத்தின் புரொபைலைக் கழற்றி எறிந்தால் பட்டுச்சேலை வெளுத்துப்போகும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் 'அசைன்', 'கன்வர்ட்' இரண்டும். அசைன் செய்தால் எண் அப்படியே இருக்கும், தோற்றம் மாறும். கன்வர்ட் செய்தால் தோற்றம் இருக்கும், எண் மாறும். புரொபைல் இல்லாத கோப்புக்கு அசைன். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது கன்வர்ட். மாற்றிச் செய்தால் நிறம் கெட்டு, எங்கே கெட்டது என்றே தெரியாமல் போகும்.

மூன்றாம் நாள்: இங்க்ஜெட்

கலரிமீட்டரால் தாளை அளக்க முடியாது. தாளுக்குத் தானே விளக்கு வைத்திருக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வேண்டும். விலை கூடுதல், ஆனால் வருடத்துக்குச் சில நாள்தான் தேவைப்படும். இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விட்டால் கட்டுப்படியாகும்.

முதலில் நாசில், அதாவது மை தெளிக்கும் நுண்துளைகளின் சோதனை. வெளிர் மஜெந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) மையில் இரண்டு கோடு விடுபட்டிருந்தது, ஒரு முறை சுத்தம் செய்ததும் வந்தது. அடைத்த நாசிலோடு புரொபைல் எடுத்தால் அந்த அடைப்பும் புரொபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளை அடைப்பு விலகினால் எல்லாம் சிவந்து வரும்.

மையும் முக்கியம். அசல் மையும் வெளி மையும் கலந்து ஊற்றிய டேங்குக்குப் புரொபைல் எடுப்பது வீண், அடுத்த புட்டியில் மாறிவிடும். எந்த மையானாலும் ஒன்றையே தொடர்ந்து ஊற்ற முடியுமா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்து, தாள் வகையை ஒன்றாக நிறுத்தி, தரத்தை 'உயர்' என்று வைத்து, இருதிசை வேக அச்சை அணைத்தோம். இந்த நான்கு அமைப்புகளையும் பெயரிட்டுச் சேமித்தாயிற்று. புரொபைல் என்பது இந்த மை, இந்தத் தாள், இந்த அமைப்பு மூன்றுக்கும் சேர்த்து எழுதியது. ஒன்று மாறினாலும் அது வேறு கருவி. 230 கிராம் பளபளப்புப் போட்டோ பேப்பருக்கு ஒன்று, 120 கிராம் மேட் தாளுக்கு ஒன்று என இரண்டு எடுத்தோம். ஆப்செட்டுக்கான சாதாரண ஆர்ட் கார்டை இங்க்ஜெட்டில் விட வேண்டாம். மை உறிஞ்சாமல் மேலேயே நின்று கையில் ஒட்டும்.

புரொபைல் எடுக்க உதவும் ஆர்கில் மென்பொருளில் 420 நிறக் கட்டங்கள் கொண்ட அட்டையைச் செய்து, எந்த நிற மாற்றமும் இல்லாமல் அச்சிட்டோம். அச்சிட்ட உடனே அளக்கக் கூடாது. சாய மை நிலைபெற ஒரு நாள் விடுவது நல்லது. மழைக்காலத்தில் கடை முன்பகுதியில் ஈரப்பதம் 80%ஐத் தாண்டும், அங்கே வைத்தால் மை பரவி இருட்டுக் கட்டங்கள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். ஏர்கான் ஓடும் உள்ளறையில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், தனித்தனியாக விரித்து வைத்தோம்.

நான்காம் நாள் காலையில் அளவு. அட்டைக்குக் கீழே அதே தாளில் மூன்று வெற்றுத் தாள்கள், மேசையின் நிறம் ஊடுருவாமல் இருக்க. ஒவ்வொரு வரியாக ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். வேகம் கூடினால் கருவி வரியை மறுக்கும், அது நல்லதுதான். மறுக்காமல் பக்கத்துக் கட்டத்தைச் சேர்த்து வாசித்துவிட்டால்தான் ஆபத்து. புரொபைல் தரும் அறிக்கையில் ஒரே ஒரு கட்டத்தின் பிழை மட்டும் எகிறி நின்றால் அந்த வரியை மறுபடி இழுக்கவும்.

புரொபைலைப் போட்டு அடித்த முதல் தாள் இருட்டாக, கருஞ்சிவப்பு ஏறி வந்தது. இந்த அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மாற்றம் இரண்டு முறை நடந்திருக்கிறது. போட்டோஷாப்பும் மாற்றியது, டிரைவரும் மாற்றியது. டிரைவர் புதுப்பித்தபோது நிறத் திருத்தம் தானாகத் திரும்ப வந்திருந்தது. யாராவது ஒருவர்தான் மாற்ற வேண்டும். மென்பொருள் மாற்றட்டும், டிரைவர் சும்மா இருக்கட்டும்.

அதை அணைத்ததும் சாம்பல் படிகள் சாம்பலாக வந்தன. முகங்கள் சரி. மஞ்சள் சரி. குங்குமம் திரைக்கு மிக அருகில். மயில்கழுத்து மட்டும் சற்று மங்கல். அது பிழை ஆகாது. அந்தப் பச்சை இந்த மையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எல்லைக்கு வெளியே உள்ளதை என்ன செய்வது என்பதைத்தான் 'ரெண்டரிங் இன்டென்ட்' தீர்மானிக்கிறது. 'ரிலேடிவ்' வெளியே உள்ளதை மட்டும் எல்லையில் வெட்டும், மற்றதைத் தொடாது. 'பெர்செப்சுவல்' எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கும். பத்திரிகைக்கும் சின்னங்களுக்கும் ரிலேடிவ், அதோடு பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் (கோப்பின் கறுப்பை அச்சின் கறுப்போடு பொருத்தும் வசதி). பட்டுச்சேலைப் படத்தில் ரிலேடிவ் போட்டால் மடிப்புகள் ஒரே பூச்சாகிவிடும், அங்கே பெர்செப்சுவல்தான். சரிகை மட்டும் எதிலும் வராது. அது உலோகத்தின் மினுக்கு, மையின் நிறம் கிடையாது.

லேசர், ஆப்செட், பேனர்

லேசர் நாளுக்கு நாள் நகரும் கருவி. காலையில் 20 தாள் ஓடிச் சூடேறிய பிறகு அதன் சொந்தக் கேலிப்ரேஷனை ஓட்டி, அதற்குப் பிறகுதான் அட்டை அச்சிட்டு அளந்தோம். தினமும் அந்தக் கேலிப்ரேஷனைச் செய்யாவிட்டால் புரொபைல் ஒரு வாரம்கூடத் தாங்காது. சிமிலி தாள் (பூச்சில்லாத சாதாரண வெள்ளைத் தாள்) கட்டைப் பிரித்துப் போட்டுவைக்கக் கூடாது. ஈரம் ஏறிய தாளுக்கு டோனர் தூள் ஒழுங்காக இடம் மாறாமல் பெரிய சிவப்புப் பரப்பு புள்ளி புள்ளியாக வரும்.

ஆப்செட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு மையும் எத்தனை சதவீதம் என்று சில எண்களைக் கையோடு வைத்திருக்க வேண்டும். மஞ்சள்தூள் நிறம்: மஜெந்தா 18, மஞ்சள் 100, சயான் (பச்சை கலந்த நீல மை) 0. சயான் 3 கசிந்தாலும் மஞ்சள் பச்சை தட்டும். மாற்றும் மென்பொருள் அந்த 3ஐச் சத்தமில்லாமல் போட்டுவிடும், கையால் துடைக்க வேண்டும். குங்குமம்: மஜெந்தா 100, மஞ்சள் 90. கொடியின் நீலம்தான் பெரிய தொல்லை. சயான் 100, மஜெந்தா 100 என்றால் ஊதா வரும். இரண்டுக்கும் 30 இடைவெளி வேண்டும், அதாவது மஜெந்தா 70க்கு மேல் போகக் கூடாது. மலேசியாவின் தேசிய நாளான ஆகஸ்ட் 31க்கு முன்பு வரும் வேலைகளில் இந்த ஒன்றைக் கவனித்தால் பாதிச் சண்டை தீரும்.

நம் தோல் நிறத்துக்கு ஒரு கைக்கணக்கு: மஞ்சள் மஜெந்தாவைவிடச் சற்றுக் கூட, சயான் மஜெந்தாவில் மூன்றில் ஒன்று. கறுத்த முகத்துக்குச் சயான் பாதி வரை ஏறலாம். மஜெந்தா மஞ்சளைத் தாண்டினால் மணமகள் முகம் வெயிலில் கன்றியதுபோல் வரும். அதை வெளுப்பாக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம், மஜெந்தாவைக் குறைத்தால் போதும். முகத்தை அவரவர் நிறத்திலேயே கொண்டுவருவது அச்சுக்காரரின் கடமை.

எழுத்து கறுப்பு 100 மட்டும், ஓவர்பிரிண்ட் (கீழுள்ள நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே அடிப்பது). ஆர்ஜிபி கறுப்பை அப்படியே மாற்றினால் நான்கு மையிலும் உடைந்து போகும். தகடு இம்மி விலகினாலும் ண, ழ, ணை போன்ற எழுத்துகளின் சுழிக்குள் நீலமோ சிவப்போ எட்டிப் பார்க்கும். 7 புள்ளியில் வாசிக்கவே முடியாது. பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் சயான் 60, மஜெந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100. நான்கையும் கூட்டினால் 240, ஆர்ட் பேப்பர் தாங்கும் 300க்குள் வசதியாக நிற்கிறது.

பேனருக்கு, அடிப்பவரிடம் ஒரு தடவை ஓர் அடி அகலத் துண்டில் 60 கட்டங்களை, கீழே எண்களோடு, அதே பிவிசி துணியில் அடித்து வாங்கிக்கொண்டோம். வாடிக்கையாளர் அதைப் பார்த்துத்தான் நிறத்தைத் தேர்கிறார். ஸ்பெக்ட்ரோ வாங்க முடியாத கடை, தன்னிடம் உள்ள எல்லாத் தாளுக்கும் இப்படிக் கட்ட அட்டை அடித்து வைத்துக்கொண்டால் முக்கால்வாசிப் பயன் கிடைத்துவிடும். வெயிலில் தொங்கும் பேனரில் மஞ்சளும் மஜெந்தாவும்தான் முதலில் வெளுக்கும். அந்தத் துண்டை இருட்டில் வைக்கவும்.

தொடர்ந்து செய்ய வேண்டியது

திரையை மாதம் ஒரு முறை அளக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் இங்க்ஜெட்டிலும் லேசரிலும் சோதனைத் தாளை அடித்து, முதல் நாள் மூலத் தாளோடு அந்த இரண்டு குழல் விளக்குக்குக் கீழே ஒப்பிடுகிறார்கள். சாம்பல் படியில் 5ஆம் 6ஆம் கட்டத்தைப் பார்த்தால் போதும், சாய்வு முதலில் அங்கேதான் தெரியும். மூலத் தாளின் பின்புறம் தேதி, மைப் புட்டியின் தொகுதி எண், தாளின் பெயர் மூன்றும் பென்சிலில்.

தீராமல் இருப்பது ஒன்று. மேசையில் ஒன்றாகத் தெரியும் லேசர்ச் சிவப்பும் இங்க்ஜெட் சிவப்பும் கோயில் மண்டபத்துக் குழல் விளக்கில் சற்றே பிரிகின்றன. இரண்டு மையும் ஒளியை வேறு வேறு விதமாக உறிஞ்சுவதால் வருவது இது, புரொபைலால் தீராது. ஒரே விழாவின் பத்திரிகையும் அழைப்பு உறையும் பக்கத்துப் பக்கத்தில் கைக்குப் போகும் என்றால் இரண்டையும் ஒரே கருவியில் அடிக்கிறார்கள்.